ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா

கனமூலையில் எங்களுக்குள்ளே இரண்டு கட்சி. தேர்தல் கட்சி இல்லை. ஒன்று "ஆளைப் பிடி" கட்சி, மற்றது "இடத்தைப் பிடி" கட்சி. எதிரணி பந்தைத் தரையோடு உருட்டி, மூன்று நாலு பேர் சேர்ந்து பாஸ் போட்டுக்கொண்டு எங்கள் கோல் பக்கம் வரும்போது பின்னால் நிற்கிற எங்கட ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் சண்டை. ஆளுக்கு ஒருவனைப் பொறுப்பெடுத்து, அவன் தண்ணி குடிக்கப் போனாலும் பின்னாலேயே போவதா? இல்லை, ஆளை விட்டுவிட்டு ஆளுக்கொரு இடத்தைக் காத்துக்கொண்டு, பந்து போகிற பக்கத்துக்கு நாலு பேரும் ஒரே வரிசையாக நகர்வதா?

கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதற்காக இரண்டு கிழமை முகம் பார்க்காமல் இருந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஒரு வட்ஸ்அப் குரூப் இரண்டாக உடைந்தது. பிறகு உடைந்த இரண்டிலும் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், அது வேறு கதை.

நாங்கள் டீமில் விளையாடுகிறவர்கள் இல்லை. கிரவுண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள். எங்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடக் காலத்தில் விளையாடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்கள், மற்றவர்கள் அதுவும் இல்லை. நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம், காசு இருப்பது கிரிக்கெட்டில், ஆனால் புத்தளம் பக்கத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு சனம் கூடுவது உதைபந்தாட்டத்துக்கு. மதுரங்குளியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் எந்த ஊர்ப் பொடியனிடமும் அவனுடைய ஊர் டீமின் லெஃப்ட் பெக் யார் என்று கேளுங்கள், யோசிக்காமல் சொல்வான்.

கட்சி பிறந்தது 2025 நோன்புக்கு முந்திய மாதத்தில். ஒரு சுற்றுப்போட்டியின் காலிறுதியில் டவுன் டீம் ஒன்றிடம் எங்கட டீம் 4-0 தோற்றது. தோற்பது புதுசில்லை. தோற்ற விதம்தான் தாங்க முடியாமல் இருந்தது. நாலில் மூன்று கோல் ஒரே மாதிரி வந்தது.

அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் ஒரு மெல்லிய பொடியன். எங்கட ஸ்டொப்பர் நானாவுக்குச் சொல்லியிருந்தது, "நீ அவனை விடாதே" என்று. நானா விடவில்லை. ஒன்பது பந்தை வாங்குகிற மாதிரி நடந்து நடந்து கிரவுண்ட் நடுவுக்கே போனான். நானாவும் பின்னால் போனார். அப்போது எங்கட கோலுக்கு முன்னால், ஸ்டொப்பர் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பெரிய காலி இடம். ஒன்பது பந்தைத் தொட்டு ஒரே தட்டில் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தான், அவன் அந்தக் காலி இடத்துக்குள் ஒரு த்ரூ பாஸ் போட்டான், சைடில் இருந்து பதினொன்று ஓடி வந்து அடித்தான். நானா திரும்பிப் பார்த்தபோது பந்து வலைக்குள். அதே மாதிரி இரண்டாவது. அதே மாதிரி மூன்றாவது. பக்கத்தில் நின்ற ஒரு வாப்பா, "இவனுகள் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி கூடக்கூடத் திரியிறானுகளே" என்றார்.

அன்றிரவே பேச்சு கோச் நானாவின் பக்கம் திரும்பியது. கோச் நானா காசு வாங்காமல் வருஷக்கணக்காக டீமைப் பார்க்கிறவர். ஒரு காலத்தில் அவரே ஸ்டொப்பர். "அவர்ட காலத்து விளையாட்டு இது. இப்ப உலகத்துல ஒருத்தனும் ஆளைப் பிடிக்கிறதில்ல" என்று எங்களில் பாதிப் பேர் பேசத் தொடங்கினோம். வேறு கோச் தேடலாம் என்ற அளவுக்குப் போனது.

ஆளைப் பிடிக்கிற முறை ஏதோ எங்களூர்ப் பழக்கம் என்று நினைக்கக் கூடாது. 1974 ஜூலை 7, மியூனிக். உலகக் கிண்ண இறுதிப்போட்டி. நெதர்லாந்தின் யொஹான் குரைஃபை எப்படி நிறுத்துவது என்பதற்கு மேற்கு ஜெர்மனியின் பதில் பேர்ட்டி ஃபோக்ட்ஸ் என்ற ஒரு தனி ஆள். முதல் நிமிஷங்களிலேயே குரைஃப் ஓடிப் போய்ப் பெனால்டி வாங்கிக் கொடுத்தும், ஃபோக்ட்ஸ் மஞ்சள் அட்டை வாங்கியும், 90 நிமிஷமும் நிழல் மாதிரி ஒட்டி நின்று, கடைசியில் 2-1 என்று மேற்கு ஜெர்மனி கிண்ணத்தை எடுத்தது. 1982இல் பார்ஸலோனாவில் இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலே மரடோனாவைப் பிடித்த பிடி இன்னும் யூடியூப்பில் ஓடுகிறது. பாதி உதைபந்தாட்டம், பாதி மல்யுத்தம். இத்தாலி அதிலும் 2-1 என்று வென்றது, கிண்ணத்தையும் எடுத்தது. ஆகவே "ஆளைப் பிடித்தால் தோல்வி" என்று சட்டம் ஒன்றும் இல்லை.

மறுபக்கத்துக்குச் சாட்சி அரிகோ சாக்கி. அவர் பெரிய வீரராக இருந்தவர் இல்லை, சப்பாத்து வியாபாரம் செய்தவர். 1987இல் ஏசி மிலானுக்கு வந்து, 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கிண்ணங்களை எடுத்தார். அவர் வீரர்களிடம் சொன்னது, ஆளைப் பார்க்காதே. பந்து எங்கே, உன்னுடைய ஆள் எங்கே, எதிரி எங்கே, இடம் எங்கே என்று நாலையும் பார் என்று. ருட் கூலிட்டும் மார்கோ வான் பாஸ்டனும் இதை நம்பவில்லையாம். சாக்கி ஒரு பந்தயம் வைத்தார். கோல் காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர் ஒரு பக்கம்: கல்லி, தசோத்தி, பரேசி, கொஸ்தகூர்த்தா, மல்தினி. மறுபக்கம் கூலிட், வான் பாஸ்டன் உட்பட பத்துப் பேர். கால் மணி நேரம். பத்துப் பேரால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. சாக்கி சொன்ன கதைதான் இது, அவர் வாயால் வந்தது என்பதால் கொஞ்சம் உப்புச் சேர்ந்திருக்கலாம். ஆனால் "இடத்தைப் பிடி" கட்சிக்கு இது வேதம் மாதிரி.

எங்களில் ஒருவன் அமெரிக்கன் ஃபுட்போலையும் பார்க்கிறவன். கையால் எறிந்து ஓடுகிற அந்த முட்டைப் பந்து விளையாட்டு. அங்கேயும் இதே சண்டைதான் என்றான். எறிகிற பாஸைத் தடுக்க "மேன்" போடுவதா "ஸோன்" போடுவதா என்று அவர்களுடைய கல்லூரி டீம்களின் ரசிகர்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடிபடுகிறார்களாம். அங்கே அந்தக் கல்லூரி மெச்சுகளுக்கு ஒரு லட்சம் பேர் இருக்கிற ஸ்டேடியங்கள் இருக்கின்றன. எங்களுக்கு ஒரு தென்னந்தோட்டத்து வேலி இருக்கிறது. சண்டை ஒன்றுதான் என்பதைக் கேட்க ஒரு சந்தோஷம்.

ஆனால் எங்கட ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமான மெச் இதெல்லாம் இல்லை. 2022 டிசம்பர் 6, மொரோக்கோ - ஸ்பெயின். எங்கட நேரம் இரவு எட்டரை. கரண்ட் வெட்டு இருந்த வருஷம். கட்டாரில் வேலை செய்கிற எங்கட ஊர்ப் பிள்ளைகள் ஸ்டேடியத்துப் பக்கமிருந்து வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்பெயின் அன்றைக்கு ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது. 120 நிமிஷமும் பந்து அவர்களிடம்தான். ஆனால் கோல் இல்லை. பெனால்டியில் ஸ்பெயின் அடித்த மூன்றும் போகவில்லை, ஹகிமி நடுவால் மெல்லத் தூக்கிப் போட்டு முடித்துவைத்தான். ஊரில் பட்டாசு.

அன்றைக்குப் பட்டாசு வெடித்தோம். ஒரு தோல்விக்குப் பிறகு, அந்த மெச்சைத் திரும்பப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் மொரோக்கோ என்ன செய்தது என்று விளங்கியது. அவர்கள் எல்லாப் பாஸையும் தடுக்கவில்லை. ஸ்பெயினின் நடுப் பின்கள வீரர்கள் ரொட்ரியும் லபோர்ட்டும் தங்களுக்குள் எத்தனை பாஸ் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், ஒருத்தனும் ஓடிப் போய்ப் பறிக்கவில்லை. முன்னால் நின்ற என்-நெசிரி பந்தைத் துரத்தாமல், பந்து புஸ்கெட்ஸுக்குப் போகிற வழியில் நின்றான். பின்னால் நாலு பேர், அவர்களுக்கு முன்னால் அம்ரபாத் தனியாக, அதற்கு முன்னால் இன்னும் நாலு பேர். நடுவில் பெட்ரியும் காவியும் நிற்கிற இடத்துக்குப் பாஸ் போக வழியில்லை. பந்து சைடுக்கு வந்தால் மட்டும் மூன்று பேர் ஒரேயடியாக மூடினார்கள். அதாவது, இந்தப் பாஸ் போகட்டும், அந்தப் பாஸ் போகக் கூடாது என்று பதினொரு பேரும் முன்கூட்டியே பேசி ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரைக்கும் மொரோக்கோவின் வலைக்குள் போனது ஒரே ஒரு கோல், அதுவும் கனடாவோடு தங்கட ஆள் காலில் பட்டுப் போனது. அரையிறுதியில் பிரான்ஸோடு பயிற்றுநர் ரெக்ராகி பின்னால் ஐந்து பேரை வைத்துத் தொடங்கினார். அதில் அகுவேர்ட் மெச் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திக் காயத்தால் விலக, ஐந்தாவது நிமிஷத்தில் தியோ ஹெர்னான்டஸ் அடித்துவிட்டான். சாயிஸும் அரை மணி ஆவதற்குள் வெளியே. ஐந்து வைத்தது பிழை, பழைய மாதிரி நாலு பேரோடு தொடங்கியிருக்க வேண்டும் என்று எங்களில் சிலர் இன்னும் சொல்வார்கள். எங்களுக்குப் படுவது, ஐந்தோ நாலோ பெரிய விஷயமில்லை. சேர்ந்து நின்று பழகின ஆட்களில் இருவர் இல்லாமல் போனதுதான் விஷயம்.

இந்த மொரோக்கோ பாடத்தைத் தூக்கிக்கொண்டுதான் நாங்கள் கோச் நானாவிடம் போனோம். இஷா முடிந்து, தேத்தண்ணிக் கடையில். ஐந்து பேர் போனோம். ஃபோனில் வீடியோ தயார். அவர் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே முழுவதையும் பார்த்தார், ஒரு இடத்தில் திரும்பப் போடச் சொல்லியும் பார்த்தார். "நல்லாத்தான் செய்றானுகள்" என்றார். பிறகு பைக்கில் இருந்து ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

ப்ரக்டிஸுக்கு வந்தவர்களின் வரவுப் பதிவு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்கள், நாட்கள், சரி அடையாளம், புள்ளடி. ஸ்டொப்பர் நானா இறால் பண்ணையில் வேலை. குளத்துத் தண்ணீரைக் கலக்குகிற மோட்டர் நின்றால் விடிவதற்குள் இறால் செத்துவிடும், ஆகவே இரவு முழுக்கக் கண் முழிக்க வேண்டும், பகலில் தூக்கம். ரைட் பெக் கொழும்பில் ஒரு கடையில், வியாழக்கிழமை இரவு பஸ்ஸில் வந்து வெள்ளிக்கிழமை இரவே திரும்பிப் போகிறவன். லெஃப்ட் பெக் த்ரீவீல் ஓட்டுகிறான், அஸர் நேரம்தான் அவனுக்கு ஹயர் வருகிற நேரம். நாலாவது ஆள் களப்பில் வலை போடுகிறவன், காற்றையும் தண்ணியையும் பார்த்துத்தான் வருவான். கோச் நானா விரலால் கீழே இழுத்துக்கொண்டு போனார். பின்களத்து நாலு பேரும் ஒரே நாளில் கிரவுண்டில் நின்றது, அந்தக் கொப்பி முழுவதிலும் இரண்டே இரண்டு நாள்.

"ஆளைப் பிடிக்கிறதுக்கு ப்ரக்டிஸ் தேவையில்லடா" என்றார். "ஒரு நம்பர் சொன்னாப் போதும். ராவு பஸ்ஸுல வந்து இறங்கின பொடியனுக்கு ஜும்ஆ முடிஞ்சு ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம், நீ பதினொன்றைப் பிடி எண்டு. இடத்தைப் பிடிக்கச் சொன்னா, ஒருத்தன் ஓடக்குள்ள மத்தவன் எங்க நிப்பான் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தன்ட கால் எப்படி நகரும் எண்டு ஒருத்தனுக்குப் பழகியிருக்கணும். ரெண்டு நாள்ல அது வருமா? வராது. அரைகுறையா வந்தா ஆளும் இல்ல, இடமும் இல்ல."

எங்களிடம் பதில் இருந்தது. ரெக்ராகி பதவிக்கு வந்தது 2022 ஓகஸ்ட் கடைசியில். உலகக் கிண்ணத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. அவருடைய 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். அவர்களால் முடிந்ததே? கோச் நானா சிரித்தார். அவனுகள் பதினைஞ்சு வயசுல இருந்து வெவ்வேறு கிளப்புல இதே பாடத்தைப் படிச்சவனுகள், ரெக்ராகி பாடம் நடத்தல்ல, சோதனைக்குக் கூட்டிட்டுப் போனார் என்றார்.

அந்தப் பேச்சோடு கோச்சை மாற்றுகிற கதை முடிந்தது. சண்டை முடியவில்லை.

நோன்பு மாதத்தில் இன்னொரு சாட்சி கிடைத்தது. மார்ச் 25, பாங்கொக்கில் தாய்லாந்தோடு இலங்கை. எங்கட தேசிய அணியின் நிலைமை தெரிந்ததுதான். 2023 ஜனவரியில் ஃபிஃபா தடை, ஓகஸ்ட் வரைக்கும் சர்வதேச விளையாட்டே இல்லை. தடை நீங்கிய பிறகு ஒக்டோபரில் யேமனோடு 3-0 தோல்வி, அடுத்தது 1-1. உலகத் தரவரிசையில் இருநூறை அண்டிய இடம். பிறகு குவைத்காரரான அப்துல்லா அல்முதைரி பயிற்றுநராக வந்தார். ஜெர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகள் வந்தார்கள். 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு கொழும்பில் 0-0, அங்கே போய் 2-2, பெனால்டியில் 4-2. கோலில் சுஜான் பெரேரா. ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் மூன்றாம் சுற்றுக்குப் போனோம். அப்படித்தான் பாங்கொக்.

தாய்லாந்து பாஸ் போட்டு விளையாடுகிற டீம், ஊர் முழுக்க எங்களிடம் எத்தனை கோல் வாங்கப் போகிறார்கள் என்ற கணக்குத்தான். 1-0. தோல்விதான், ஆனால் பின்னால் நின்ற எங்கட ஆட்கள் வரிசை கலையாமல் நின்றார்கள். வெவ்வேறு கண்டத்தில் வளர்ந்து, விமானத்தில் வந்து சேர்ந்து, சில நாள் மட்டும் சேர்ந்து பழகின ஆட்கள். பார்த்தீர்களா, கொஞ்ச நாளில் முடியுமே என்றது ஒரு கட்சி. அவனுகள் எல்லாரும் வந்த இடத்திலேயே படிச்சிட்டு வந்தவனுகள், கோச் நானா சொன்னதுதான் சரி என்றது மற்றது. ஒரே மெச் இரண்டு கட்சிக்கும் சாட்சி.

வழி அந்தக் கொப்பிக்குள்ளேயே இருந்தது. எங்களில் கணக்குப் படிக்கிற ஒருவன், கொப்பியைப் படம் எடுத்து வைத்திருந்தான். யார் வரவில்லை என்று கோச் நானா பார்த்தார், இவன் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். நாலு பெயருக்கு நேரே புள்ளடி மிகக் குறைவு. நாலும் உயர்தரம் படிக்கிற பொடியன்கள். ஒரே பள்ளிக்கூடம், ஒரே டியூஷன், ஒரே சைக்கிள் கூட்டம். இரண்டு பேர் பெஞ்சில், ஒருத்தன் முன்னால் சைடில், ஒருத்தன் பந்து பொறுக்குகிறவன் மாதிரி. ஒருத்தரும் பின்களம் இல்லை, ஏனென்றால் எங்கட பக்கத்தில் பின்களம் என்றால் உடம்பு. இந்த நாலையும் பின்னால் போட்டால் என்ன?

ஊரில் சிரித்தார்கள். "கச்சான் அடிச்சாலே விழுந்துடுவானுகள், இவனுகளா ஸ்டொப்பர்" என்று. கோச் நானா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு நைலோன் கயிற்றோடு வந்தார். வலைக்குப் பாவிக்கிற கயிறு. நாலு பேரின் இடுப்பிலும் கட்டி, இரண்டு பேருக்கு நடுவில் ஏழெட்டு அடி விட்டு, ஒரே வரிசையாக நிறுத்தினார். பந்து இடது பக்கம் போனால் நாலு பேரும் இடது பக்கம். ஒருத்தன் பிந்தினால் கயிறு இழுத்து இரண்டு பேர் மண்ணில். நோன்புப் பெருநாள் முடிந்ததில் இருந்து ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் இதுதான் நடந்தது. எதிரணி யார் என்றால் நாங்கள். ரசிகர்கள். முழங்கால் போனவர்கள் உட்பட. ஆறு பேர் நின்று பாஸ் போட வேண்டும், அந்த நாலு பேரையும் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக வேண்டும். முதல் கிழமை நாங்களே சுலபமாகக் கொண்டுபோனோம். மூன்றாவது கிழமையில் கஷ்டம். ஐந்தாவது கிழமையில் கயிறு இல்லை, ஆனாலும் இருக்கிற மாதிரி நகர்ந்தார்கள். எங்களுக்கு நடுவில் பாஸ் போக இடமே கிடைக்கவில்லை. சைடில் சைடில் போட்டுக் களைத்துப்போனோம்.

யாரும் யோசித்திராத ஒரு சிக்கல் வந்தது. இடத்தைப் பிடிக்கிற விளையாட்டில் பின்னால் நிற்கிறவன் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் அவனுக்குத்தான் முழுக் கிரவுண்டும் தெரியும். பின்னால் நிற்பது பதினேழு வயசுப் பொடியன். முன்னால் ஹாஃபில் நிற்பது முப்பது வயசு நானாமார். "நானா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று பொடியன் மரியாதையாகச் சொல்லி முடிக்கும்போது பாஸ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுருக்கிச் சொல்லப் பயம். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்று தொழுகிற மனுஷனை எப்படி "டேய் ஏறு" என்பது? கோச் நானா எல்லோரையும் உட்காரவைத்து நாலு சொல் மட்டும் கொடுத்தார். ஏறு. இறங்கு. விடு. என்ட. இதற்கு மேல் சொல்லும் இல்லை, நானாவும் இல்லை, தம்பியும் இல்லை. ஹாஃபில் நிற்கிற நானாமார்களில் மூத்தவர்தான் முதலில் ஒத்துக்கொண்டார். "கிரவுண்டுக்குள்ள எனக்கு மரியாதை வேணாம், வெளிய வந்தப் பொறகு வட்டியோட தா" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் "ஏறு" என்பது "ஏறுங்க" என்றுதான் வந்தது.

காற்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. வைகாசியில் இருந்து எங்கட கரையில் கச்சான் சும்மா விடாது. காற்று எங்களுக்கு எதிராக அடிக்கும் பாதியில் எதிரி தூக்கிப் போடுகிற நீளப் பாஸ் காற்றோடு ஓடிக் கோல் காப்பாளரிடமோ வெளியிலோ போய்விடும்; ஆகவே வரிசை தைரியமாக மேலே ஏறலாம், எதிரிக்கு மிச்சம் இருப்பது கால் பக்கப் பாஸ் மட்டும். காற்று எங்களுக்குப் பின்னால் இருக்கும் பாதியில் அவர்களுடைய உயரப் பாஸ் காற்றில் முட்டி நடுவிலேயே விழும், மண்ணில் நிற்கும். அப்போது மேலே ஏறினால் ஆபத்து. பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். காற்று எதிரே அடித்தால் பின்வாங்கு என்றுதான் எங்கட ஆட்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். களப்பில் வலை போடுகிற அந்தப் பழைய பின்கள வீரர்தான் இதைப் பொடியன்களுக்கு மண்ணில் கோடு போட்டு விளக்கினார். இடத்தைப் பறிகொடுத்த ஆள் அவர். அதற்காக ஒரு வார்த்தை முறைத்துப் பேசவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நடந்த இன்னொரு சுற்றுப்போட்டியில் அதே டவுன் டீம். முதல் பத்து நிமிஷம் எங்களுக்கு மூச்சு இல்லை. ஒன்பதாம் நம்பர் வழக்கம் போல நடந்து நடந்து நடுவுக்குப் போனான். எங்கட ஸ்டொப்பர் பொடியன் இரண்டு எட்டுப் போனான், "விடு" என்று பக்கத்தில் இருந்தவன் கத்தினான், இவன் நின்றுவிட்டான். ஹாஃபில் இருந்த நானா ஒன்பதை எடுத்துக்கொண்டார். காலி இடம் திறக்கவில்லை. ஒன்பது பந்தோடு திரும்பிப் பார்த்து, போட இடமில்லாமல், பின்னாலேயே கொடுத்தான். அந்த ஒரு பின்பாஸுக்கு எங்கட பக்கம் எழும்பின சத்தம், கோல் அடித்ததற்குக்கூட அப்படி எழும்பினதில்லை. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் பாதி 0-0. இரண்டாம் பாதியில் அவர்கள் பாஸ் போட்டுப் பார்த்து, கடைசியில் தூரத்தில் இருந்து அடிக்கத் தொடங்கினார்கள். மெச் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு கோர்னர். எங்கட நாலு பொடியன்களும் இடத்தைப் பிடித்து நின்றார்கள். அவர்களுடைய ஆஜானுபாகுவான ஒரு ஸ்டொப்பர் பெட்டிக்கு வெளியே இருந்து ஓடிவந்து, ஒருத்தரும் தொடாமல், தலையால் அடித்தான். 1-0. மெச் அப்படியே முடிந்தது.

"ஆளைப் பிடி" கட்சிக்கு உயிர் வந்தது அந்தக் கோர்னரில்தான். ஓடி வருகிறவனை யாராவது ஒருத்தன் பிடித்து நின்றிருந்தால் அந்தக் கோல் இல்லை, அது உண்மை. இடத்தைப் பிடிக்கிறவன் நின்ற இடத்தில் இருந்து எழும்ப வேண்டும், ஓடி வருகிறவன் ஓட்டத்தோடு எழும்புகிறான், அவனுக்குத்தான் உயரம். பெரிய பெரிய டீம்களிலேயே கோர்னருக்கு இடத்தைப் பிடிப்பதா ஆளைப் பிடிப்பதா என்பதற்கு முடிவு இல்லை, நிறையப் பேர் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். பாஸுக்கு இடம், கோர்னருக்கு ஆள் என்று எங்களில் சிலர் இப்போது பேசுகிறோம். கோச் நானாவுக்கும் அதில் அரை மனசு. ஆனால் அந்த மெல்லிய பொடியன்கள் யாரைப் பிடித்து நிறுத்துவார்கள்? அதற்கு ஸ்டொப்பர் நானாவின் உடம்பு வேண்டும், கோர்னர் விழும்போது மட்டும் அவரை உள்ளே கூப்பிட முடியாது. அவரை ஹாஃபில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு. இறால் பண்ணை முதலாளி வெள்ளிக்கிழமை இரவு மாற்றிக் கொடுத்தால்.

மெச் முடிந்த இரவு கொப்பியில் புதுப் பக்கம் திறந்தது. லெஃப்ட் பெக் பொடியனின் மாமா கட்டாரில் இருந்து விசாவுக்குப் பேசியிருக்கிறார், நவம்பரில் உயர்தரப் பரீட்சை முடிந்ததும் போய்விடுவான். மற்ற மூன்று பேருக்கும் அதே பரீட்சை, டியூஷன் இப்போது அஸர் நேரத்துக்கு மாறிவிட்டது. ப்ரக்டிஸை ஸுபஹுக்குப் பிறகு வைக்கலாமா என்று கோச் நானா கேட்டார். அந்த நேரம் எங்களில் யார் எழும்பி வந்து பாஸ் போடப் போகிறோம் என்றுதான் குரூப்பில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. லெஃப்ட் பெக்குக்குப் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருத்தனைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கால் நல்ல கால். ஆனால் வாயைத் திறக்கிறானில்லை. அவனைத் தென்னந்தோட்டத்துக்குள் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், ஹாஃபில் நிற்கிற அந்த மூத்த நானா, "என்னைப் பார்த்து ஏறு எண்டு சொல்லு, இன்னும் சத்தமா சொல்லு" என்று பழக்கிக்கொண்டிருக்கிறார்.